தட்டிப் பார்த்து வாங்க வேண்டிய வீடு

சான் ஆன்டோனியோ,
ஞாயிறு இரவு.

அன்புள்ள முருகேசனுக்கு,

ஏழு மாதமாக உனக்குப் பதில் எழுதாதது என் குற்றம், பொறுத்துக்கொள். அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று செல்வி சொன்னாள்.

ஜூன் முதல் நாங்கள் டிரக்கின் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடான டிராவல் டிரெய்லரிலேயே குடியிருக்கப் போகிறோம். மாலதியின் செவிலியர் ஒப்பந்தம் 13 வாரத்துக்கு ஒரு முறை ஊர் மாறுகிறது. ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் தங்கள் படுக்கையை விட்டுப் பிரிவதைப் பார்க்க இனி எனக்குத் தெம்பில்லை. நாடோடி என்று நீ கேலி செய்வாய். செய்துகொள், ஆனால் கடைசிவரை படி.

சென்ற சனிக்கிழமை, 2016இல் செய்த 30 அடி வண்டி ஒன்றைப் பார்த்தோம். பின்னறையில் அடுக்குப் படுக்கைகள். மேல்தட்டு யாருக்கு என்று பிள்ளைகள் அங்கேயே சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். முன்பணம் கொடுக்கும் முன், உன் அப்பா பலகையைத் தட்டுவதுபோல வெளிச்சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல ஒலி வந்தது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் சுவர் மெல்ல உப்பியிருந்தது. விற்பவர் வெயில் சூடு என்றார். ஆனால் இந்தச் சுவர் மெல்லிய ஒட்டுப்பலகைமேல் பசையிட்டு ஒட்டிய ஃபைபர்கிளாஸ் தகடு. பெரும்பாலும், கூரை விளிம்பில் நீர் புகாமல் பூசிய சீலன்ட் வெடித்து நீர் இறங்கினால்தான் பசை இப்படி விட்டுப்போகும். கழிப்பறை ஓரத்தில் தரையும் காலுக்கு அமுங்கியது. வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். சின்னவன் வழியெல்லாம் அழுதான்.

விடுமுறைக்கு மட்டும் போகிறவர்கள் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நால்வர் அன்றாடம் சமைத்து, குளித்து, மூச்சுவிடும் இடத்தில் அந்த ஈரம் பூஞ்சையாகும். சின்னவனுக்கோ இன்னும் இளைப்பு இருக்கிறது. 2005இல் கத்ரீனா புயலில் வீடிழந்தவர்களுக்கு அமெரிக்க அரசு கொடுத்த டிரெய்லர்களில் கட்டைப் பலகைகளிலிருந்து மூச்சைக் கெடுக்கும் ஃபார்மால்டிஹைடு வாயு கசிந்தது என்பதையும், அவற்றில் பல பின்னர் ஏலத்தில் விற்கப்பட்டன என்பதையும் படித்ததிலிருந்து, அந்தக் காலத்து வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் நான் ஏறிப் பார்ப்பதுகூட இல்லை.

எடையும் என்னை உறங்கவிடவில்லை. சாமான் ஏற்றிய வண்டி 7,500 பவுண்டு என்றால், அதில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு கொக்கி வழியாக டிரக்கின்மேல் இறங்கும். எங்கள் டிரக்கின் கதவோர ஒட்டியில் தாங்கும் சுமை 1,500 பவுண்டு என்றுதான் இருக்கிறது. கொக்கிக்கே ஏறத்தாழ ஆயிரம் போனால், மிச்சத்தில்தான் நாங்கள் நால்வரும் மாலதியின் கிரைண்டரும். ஆகவே 26 அடிக்கு மேல் பார்ப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டோம்.

இப்போது அப்படி ஒன்று அகப்பட்டிருக்கிறது. டயரின் பக்கத்தில் பொறித்த எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 1217, அதாவது 2017ஆம் ஆண்டின் 12ஆம் வாரத்தில் செய்தவை. பழசாகிவிட்டதால் நான்கையும் மாற்றியாக வேண்டும், அது பெரிய செலவல்ல. தரை உறுதியாக இருக்கிறது. வியாழக்கிழமை மழை என்கிறார்கள். நின்ற மறுநாள் காலை பலகையின் ஈரத்தை அளக்கும் ஈரமானியோடு போவதாக இருக்கிறேன். அதற்குள், நீர் குடித்த பலகையைத் தட்டினால் ஒலி எப்படி மாறும் என்று அப்பாவிடம் கேட்டுப் போனில் சொல்.

அன்புடன்,
சுந்தரம்