சங்கிலியைத் தாழக் கட்டச் சொல்லு

அன்பு மச்சான்,

நாங்கள் இங்கே கனடாவில் நல்ல சுகம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முழங்கால் நோவுக்கு யாழ்ப்பாணத்தில் காட்டினதாகச் சொன்னாய், இப்போது எப்படி இருக்கிறது? சின்னவளுக்கு வந்த சம்பந்தம் என்ன மாதிரி என்று மனிசி என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அதையும் மறக்காமல் எழுது.

போனில் கதைக்காமல் கடிதமாக எழுதுவதற்குக் காரணம் நீ அனுப்பின வீடியோதான். மூத்தவன் உன் பழைய மாசி பெர்கூசன் 135இல் பாலை மரக் குத்தி ஒன்றை இழுக்கிறான். எங்கள் கண் முன்னால் தவழ்ந்த பிள்ளை ட்ராக்டரில் அப்படி நிமிர்ந்து இருக்கிறதைப் பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாம் தரம் பார்க்கும்போதுதான் சங்கிலியைக் கவனித்தேன். பின்னுக்கு, மேலே, டொப் லிங்க் என்கிற மேல்தண்டு பூட்டுகிற இடத்தில் கட்டியிருக்கிறான். குத்தியின் முனை ஒரு வேரில் தட்டி நின்றதும் முன்சில்லு இரண்டும் நிலத்தை விட்டுக் கிளம்புகிறது. அவன் கிளச்சை மிதிக்க, சில்லு தொப்பென்று விழுகிறது. சுற்றி நின்ற பெடியங்கள் சிரிக்கிற சத்தமும் கேட்கிறது. எனக்கு நெஞ்சு பதறிப் போச்சுது, மச்சான்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், அவனும் வாசிக்கட்டும். எஞ்சின் பின்சில்லைச் சுழற்றப் பார்க்கிறது. குத்தி எதிலாவது மாட்டி அசையாமல் நின்றால் சில்லும் சுழல ஏலாது. அப்போது அந்த விசை ட்ராக்டரின் உடம்பைப் பின் அச்சைச் சுற்றித் தூக்கத் தொடங்கும். சங்கிலி அச்சைவிடத் தாழ்வாகக் கொழுவியிருந்தால், முன்பக்கம் கிளம்பக் கிளம்பக் கொக்கி இன்னும் கீழே இறங்கும், இழுவையின் பிடியும் குறையும். அச்சைவிட உயரத்தில் கட்டினால் அந்த இழுவையே ட்ராக்டரைப் பின்பக்கமாக மறிக்கத் துணைபோகும். முன்சில்லு கிளம்பியதிலிருந்து இனித் திரும்ப முடியாது என்ற நிலைக்கு வர முக்கால் செக்கன் போதும், முழுதாக மறிய ஒன்றரைச் செக்கன் என்று இங்கே விவசாயிகளுக்கு நடத்துகிற பாதுகாப்பு வகுப்புகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள். விளங்கிக் கிளச்சை மிதிக்க அந்த நேரம் காணாது. அன்றைக்கு மிதிக்க முடிந்தது அவனுடைய நல்ல காலம். உன் 135இல் ஓட்டுகிறவனின் தலைக்கு மேலே இரும்புச் சட்டமும் இல்லை.

பின் அச்சைவிடத் தாழ்வாக, ட்ரெயிலர்ப் பெட்டி கொழுவுகிற கட்டை இருக்கிறதே, அதில்தான் சங்கிலி கட்ட வேண்டும். கலப்பையைத் தூக்குகிற ஹைட்ரோலிக் கையை உயரத் தூக்கி வைத்துக்கொண்டு அதில் கட்டினாலும் இதே ஆபத்துத்தான், அதையும் அவனுக்குச் சொல்லு.

இதையெல்லாம் இவ்வளவு உறுதியாக எழுதுகிறேன் என்றால், குளிர்காலத்தில் எனக்கும் இதுதான் வேலை. ஒன்ராறியோவில், பீற்றர்பரோப் பக்கம் நாங்கள் வாங்கின காணியைப் படத்தில் பார்த்திருக்கிறாய். அதில் பாதிக்கு மேல் காடு. மேப்பிள், பீச், அதோடு ஆஷ். இந்த ஆஷ் மரத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். நேராக, நெடுக வளருகிற மரம். கோடாலிப் பிடி, பேஸ்போல் மட்டை எல்லாம் இதிலும் செய்வார்கள். 2002இல் அமெரிக்காவின் டிட்ரொயிற்றிலும் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்ராறியோவின் வின்சரிலும் ஒரு பச்சை வண்டைக் கண்டுபிடித்தார்கள். ஆசியாவிலிருந்து சரக்கோடு வந்த பலகைப் பெட்டிகளுக்குள் இருந்து வந்திருக்கும் என்கிறார்கள். வண்டு இலையைக் கொஞ்சம் கடிப்பதோடு சரி. மரத்தைக் கொல்லுகிறது அதன் புழு. பட்டைக்குக் கீழே, மரத்துக்குச் சாப்பாடு போகிற வழியைப் பாம்பு ஊர்ந்த தடம்போல வளைந்து வளைந்து தின்கிறது. பட்டையை உரித்தால் அந்தத் தடம் விரல் வைத்துப் பார்க்கக்கூடிய ஆழத்தில் தெரியும். வளர்ந்த வண்டு வெளியே வருகிற துவாரம் மூன்று நாலு மில்லிமீற்றர்தான், ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. அந்தத் துவாரத்தைக் கண்டால் மரம் தப்பாது என்று வைத்துக்கொள்ளலாம். வட அமெரிக்காவில் கோடிக்கணக்கான மரங்களை இந்த வண்டு முடித்துவிட்டது. எங்கள் காணியிலும் பெரிய ஆஷ் மரங்கள் ஒவ்வொன்றாக மொட்டையாகி நிற்கின்றன.

மனதுக்குக் கஷ்டமான விஷயம். ஆனால் அப்படியே விட்டால் இன்னும் கெடுதி. செத்து நிற்கிற ஆஷ் சீக்கிரம் முறுகிப்போகும். தறிக்கும்போது அடியில் ஏற்படுகிற அதிர்வுக்கே மேலே கொப்பு உடைந்து தலையில் விழும். அதனால் பெரிய மரங்களைப் பயிற்சி எடுத்த ஆளைக் கூப்பிட்டுத்தான் தறிப்பிக்கிறேன். அந்த நேரம் நான் மரத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்தில் நிற்பேன். விழுந்த பிறகுதான் என் வேலை.

அந்த வேலைக்கு ட்ராக்டரின் பின்னால் ஒரு விஞ்ச், வடத்தைச் சுருட்டி இழுக்கிற கருவி, பூட்டியிருக்கிறேன். ஒன்ராறியோவிலேயே செய்கிற வாலன்ஸ்டைன், பின்லாந்தின் ஃபார்மி, நோர்வேயின் இக்லாண்ட் என்று பல பெயர்களில் வருகிறது, அமைப்பு எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். கலப்பை பூட்டுகிற மூன்று புள்ளியில் பூட்டி, எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் கொடுக்கிற பி.ரி.ஓ. தண்டைக் கொழுவினால் சரி. நிமிஷத்துக்கு 540 சுற்றில் ஓடுகிற அதே தண்டுதான், உன் 135இலும் இருக்கிறது. என்னுடையது ஏறக்குறைய மூன்று தொன் இழுக்கும், 50 மீற்றர் கம்பி வடம். கீழே ஒரு தடித்த இரும்புத் தட்டு. ஹைட்ரோலிக்கை இறக்கினால் அந்தத் தட்டு நிலத்தில் ஊன்றிக்கொள்ளும். ஒன்றரைத் தொன்கூட இல்லாத ட்ராக்டர் மூன்று தொன் இழுவைக்குத் தாக்குப்பிடிப்பது அந்தத் தட்டாலேதான். தட்டு ஊன்றாவிட்டால் குத்தி ட்ராக்டரிடம் வராது, ட்ராக்டர்தான் குத்தியிடம் வழுக்கிக்கொண்டு போகும்.

வேலை நடக்கிறது இப்படி. ட்ராக்டரைப் பாதையிலேயே, குத்தி கிடக்கிற திசைக்கு நேரே முதுகைக் காட்டி நிறுத்துகிறேன். பக்கவாட்டில் இழுத்தால் ட்ராக்டர் சரியும் என்பதால் இந்த நேர்கோட்டில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. வடத்தைக் கையால் உருவிக்கொண்டு காட்டுக்குள்ளே நடக்கிறேன். தோல் கையுறை இல்லாமல் அந்த வடத்தைத் தொடக்கூடாது, அறுந்த ஒற்றைக் கம்பி ஒன்று உள்ளங்கையைக் கிழித்துவிடும். குத்தியின் நுனியிலிருந்து ஒரு முழம் தள்ளிச் சங்கிலியைச் சுற்றி, கொக்கியை மாட்டி, திரும்பி வந்து, ட்ராக்டருக்குப் பக்கவாட்டில் தூரமாக நின்று நைலோன் கயிற்றை இழுக்கிறேன். கயிற்றை இழுத்தால் விஞ்ச் பிடிக்கும், விட்டால் நிற்கும். வடம் முதலில் இலைக்குள்ளிருந்து மேலே எழும்பி விறைக்கும், பிறகு ட்ராக்டரின் பின்பக்கம் ஒரு அங்குலம் அமரும், அதற்குப் பிறகுதான் குத்தி அசையும். அந்த இடைப்பட்ட நேரத்தில் வடத்துக்குப் பக்கத்தில் நாய்கூட நிற்கக்கூடாது. அறுந்தால் எந்தப் பக்கம் வீசும் என்று யாராலும் சொல்ல முடியாது.

குத்தி வழியில் ஒரு அடிக்கட்டையில் முட்டினால் பலம் போட்டு இழுப்பது மடத்தனம். கயிற்றை விட்டுவிட்டு, வடத்தைத் தளர்த்தி, சங்கிலியைக் குத்தியின் மேலால் கொண்டுபோய் மற்றப் பக்கத்தால் வருகிற மாதிரி மாற்றிக் கட்டுவேன். திரும்ப இழுக்கும்போது குத்தி ஒரு தரம் உருண்டு கட்டையிலிருந்து விலகிக்கொள்ளும். பக்கத்துக் காணிக் கிழவர் காட்டித்தந்த வித்தை இது. எண்பதைத் தாண்டிய மனிசன், இன்றைக்கும் தன் விறகைத் தானே கொத்துகிறார். காட்டுக்குள் ட்ராக்டரைக் கொண்டுபோகாதே, குத்தியைப் பாதைக்கு வரப்பண்ணு என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவார். அவருக்கு மண்ணைப் பற்றித்தான் கவலை. ஈரத்தில் ட்ராக்டர் உள்ளே போய் வந்தால் மண் இறுகி, மேப்பிள் வேருக்குக் காற்றும் தண்ணீரும் போகாது. அதனால்தான் இங்கே நிலம் உறைந்த பிறகு, தை மாசி மாதங்களில் இந்த வேலையை வைத்துக்கொள்வார்கள். பனியில் குத்தி இலகுவாக வழுக்கி வரும். பட்டையில் மண் ஒட்டாது, அதனால் செயின் சோவின் பல்லும் மழுங்காது.

பாதை திரும்புகிற இடத்தில் நிற்கிற மரத்தைக் குத்தி உரசிப் பட்டையைக் கிழித்துவிடும். அதற்கு இங்கே ஒரு வழக்கம் உண்டு. திருப்பத்தில் நிற்கிற பெறுமதி குறைந்த மரம் ஒன்றை உடனே தறிக்காமல் விட்டுவைப்பார்கள். எல்லாக் குத்தியும் அதில் உரசிக்கொண்டு போகும், உள்ளே நிற்கிற நல்ல மரங்கள் தப்பும். இழுத்து முடிந்த பிறகு கடைசியாக அந்த மரத்தைத் தறித்து விறகாக்குவார்கள். எனக்கு இந்த ஏற்பாடு நல்லாப் பிடித்தது.

மேப்பிளைக் காப்பாற்ற இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம் அதன் சாறு. பங்குனியில் துளை போட்டு எடுப்போம். 40 லீற்றர் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாணிதான் மிஞ்சும். காய்ச்சும்போது வருகிற வாசத்துக்கு எனக்கு உங்கள் பெரியம்மா பனங்கட்டி காய்ச்சின கொட்டில்தான் நினைவுக்கு வரும். காய்ச்சுகிற அடுப்புக்கும் இந்த ஆஷ் விறகுதான்.

ஆஷ் விறகு அருமையான விறகு. பச்சையிலேயே மற்ற மரங்களைவிட ஈரம் குறைவு, கோடாலி பட்டால் நேராகப் பிளக்கும். ஊரில் அந்தர்க் கணக்கிலும் பெட்டிக் கணக்கிலும் விற்கிற மாதிரி இங்கே கோட் என்று ஒரு கணக்கு. நாலடி அகலம், நாலடி உயரம், எட்டடி நீளத்தில் அடுக்கினால் 128 கன அடி, அது ஒரு முழுக் கோட். பதினாறு அங்குல விறகை ஒரே வரிசையாக அடுக்கிவிட்டு அதையும் கோட் என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள், அது முழுக் கோட்டில் மூன்றில் ஒரு பங்குதான். ரொறன்ரோவில் இருக்கிற எங்கள் ஆட்கள் பலர் இந்த வித்தியாசம் தெரியாமல் காசு கொடுக்கிறார்கள். கேட்கிறவர்களுக்கெல்லாம் நாடா பிடித்து அளந்து வாங்கச் சொல்லுகிறேன். தூர இடத்திலிருந்து விறகு ஏற்றிவர வேண்டாம் என்றும் சொல்லுவேன். வண்டு தானாகப் பறந்து போன தூரத்தைவிட விறகோடு வாகனத்தில் போன தூரம்தான் கூட. அதனால் வண்டு உள்ள பகுதிகளிலிருந்து விறகை வெளியே கொண்டுபோக அரசாங்கமே கட்டுப்பாடு போட்டது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். பாலை ஆஷைவிட எவ்வளவோ பாரம். தண்ணீரில் போட்டால் தாழுகிற மரம் என்று உனக்குத் தெரியும். ஐந்து மீற்றர் நீளம், 40 சென்ரிமீற்றர் விட்டத்தில் ஒரு குத்தி என்றால் அறுநூறு கிலோவைத் தாண்டும். பெர்மிட் எடுத்து உன் சொந்தக் காணியில் தறித்த மரம், அவசரமே இல்லை. குத்தியை இரண்டாக அரிந்து இழுக்கச் சொல்லு. விறகுக்குப் போகிறதை நீட்டாக இழுத்து ஒரு பிரயோசனமும் இல்லை. உன் காணியில் குளக்கட்டுப் பக்கம் சரிவு. அங்கே ட்ராக்டரை இறக்கவே வேண்டாம். ஒரு நல்ல கப்பியும் நீளமான வடமும் வாங்கு. தடித்த மரமொன்றின் அடியில் அகலப் பட்டியைச் சுற்றி அதில் கப்பியைக் கட்டி, வடத்தை அதற்குள்ளால் திருப்பினால் ட்ராக்டர் கிறவல் ரோட்டில் மட்டமான இடத்திலேயே நேராக ஓடி இழுக்கலாம். ஒன்று மட்டும் கவனம். வடம் கப்பியில் மடங்கித் திரும்பி வரும்போது, கப்பி கட்டின மரத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு இழுவை விழும். அதனால் உக்கின மரத்தில் கட்டக்கூடாது. வடம் மடிகிற உள்வளைவுக்குள் ஒருத்தரும் நிற்கக்கூடாது. பட்டி அறுந்தால் கப்பி அந்தப் பக்கம்தான் பறந்து வரும். வீடியோவில் சிரித்துக்கொண்டு நின்ற பெடியங்களை முதலில் தூரத்துக்கு அனுப்பு.

மற்றப்படி புதினம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மகள் வேலை மாறிவிட்டாள், இப்போது ஒட்டாவாவில். வருகிற ஆவணியில் மனிசியையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று நினைக்கிறேன், நல்லூர்த் திருவிழாவுக்கு நிற்க அவளுக்கு ஆசை. வந்தால் ஒரு கிழமையாவது உன் வீட்டில்தான். தங்கச்சியின் ஒடியல் கூழ் குடித்துக் கனகாலம்.

இந்தக் கடிதத்தை நீ வாசித்து விளக்க வேண்டாம், மூத்தவன் கையிலேயே கொடு. நீ சொன்னால் அப்பா பேசுகிறார் என்று நினைப்பான், மாமா எழுதியது என்றால் வாசிப்பான். ஞாயிற்றுக்கிழமை உங்கள் பின்னேரம் எனக்குக் காலைத் தேத்தண்ணி நேரம், அவனையே எடுக்கச் சொல்லு. அதற்கு முதல் நிலத்திலிருந்து பின் அச்சு எவ்வளவு உயரம், பெட்டி கொழுவுகிற கட்டை எவ்வளவு உயரம் என்று அளந்து ஒரு துண்டில் எழுதி வைத்திருக்கட்டும். கப்பிக்கும் வடத்துக்கும் நான் காசு அனுப்புகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே.

அன்புடன்,
உன் மச்சான்