அப்பாவின் காஸ் லைட்டும் நான் வாங்கிய டப்பாவும்

செய்யாறு,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

பொங்கல் முடிந்ததும் எழுதுகிறேன் என்றேன். வைகாசியே முடியப் போகிறது. திட்டுவதைத் திட்டிவிடு, வாங்கிக்கொள்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து சிரிப்பாய், அதனால்தான் கடிதம்.

இங்கே எல்லோரும் நலம். சர்க்கரை மட்டும் உன் மதிப்பெண் மாதிரி, ஏறினால் இறங்குகிறது, இறங்கினால் ஏறுகிறது. சின்னவனுக்குப் பெண் பார்க்கிறோம், அது தனிக் கதை. கோணவாயன் மறுபடியும் தேர்தலில் நின்று மறுபடியும் தோற்றான். அவன் வீட்டு ஓட்டே முழுதாக விழவில்லை என்று பேச்சு.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தார்கள். நம் கூத்து வாத்தியாருக்கு எண்பது நெருங்குகிறது, இதோடு வேஷம் கட்டப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். ஒரே ஒரு ஆசைதான் கேட்டார்: கர்ண மோட்சம் ஆடுகிற ராத்திரி மட்டும் ஃபோகஸ் லைட்டெல்லாம் அணைத்துவிட்டு, பழையபடி இரண்டு பெட்ரோமாக்ஸ் காஸ் லைட் வெளிச்சத்தில் ஆட வேண்டும். கோயில் பையன்கள் நேராக என்னிடம் வந்துவிட்டார்கள். லைட் கடைக்காரர் மகனாயிற்றே!

அப்பாவின் வாடகை லைட் கடை மூடி முப்பது வருஷம் ஆகிறது. பதினெட்டு லைட் இருந்தது, உனக்குத் தெரியும். அவை எங்கே போயின என்று நீ ஒருமுறை கேட்டாய், நான் பேச்சை மாற்றினேன். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது பழைய பித்தளைக்காரனிடம் எடைக்குப் போட்டேன். பதினேழு. ஊருக்கெல்லாம் கரண்ட் வந்துவிட்டது, இதை வைத்து என்ன செய்வது என்றுதான் நினைத்தேன். அவரிடம் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. பரண் மேல் ஒன்று மட்டும் மிஞ்சியது. அதுவும் எண்ணிக்கையில் விட்டுப்போனதால்.

சரி, ஒன்று இருக்கிறது, இரண்டு வேண்டும். பழையதை நம்ப முடியாது என்று இரண்டையுமே புதிதாக ஆன்லைனில் வாங்கினேன். கம்பெனி பெயர் சொல்லமாட்டேன். பெட்டியைப் பிரித்தபோது கண் கூசிவிட்டது, கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஒரு பளபளப்பு. அப்பா புது லைட் வாங்கினால் முதலில் என்ன செய்வார், ஞாபகம் இருக்கிறதா? தொட்டியை விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்பார். நானும் தட்டினேன். கோயில் மணி மாதிரி கேட்க வேண்டியது, பிஸ்கட் டின் மாதிரி கேட்டது. அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

காற்றடித்தேன். பத்து அடி, இருபது அடி, முள் அசையவே இல்லை. மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வருகிறது, அதாவது காற்று இருக்கிறது, மீட்டர்தான் செத்துப் பிறந்திருக்கிறது. மறுபடி அடித்தால் பம்புத் தண்டு தானாகவே எழுந்து வருகிறது, பின்னாலேயே கிருஷ்ணாயில். அடி வால்வு பிடிக்கவில்லை. கழற்றிப் பார்த்தேன். உள்ளே மிளகு அளவு ஒரு ரப்பர், அது உட்கார வேண்டிய இடம் சரியாகக் கடையாமல் பிசிறு பிசிறாக இருக்கிறது. பம்பு வாஷர் தோல் இல்லை, ஏதோ கறுப்பு அட்டை. திருகு மரையைக் கையால் இறுக்கும்போதே நெறுநெறுவென்று தூள் கொட்டுகிறது. பித்தளை என்று எழுதியிருந்தான். பித்தளை மேலே பூசியிருக்கிறதோ என்னவோ.

இதையெல்லாம் சரிக்கட்டி, மேண்டில் என்கிற அந்த ஒளிரும் வலைப்பையைக் கட்டி ஏற்றினேன். ஒரு பக்கம் வெள்ளையாக எரிகிறது, மறு பக்கம் கரி பிடித்துத் தொங்குகிறது. காரணம் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆயிற்று. எண்ணெய் ஆவி வெளியே வருகிற நிப்பிளின் துளை நட்ட நடுவில் இல்லை. ஆவி நேராக மேலே போய்க் குழாய் வாயில் நுழைந்தால்தான் கூடவே காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். இது சாய்ந்து அடிக்கிறது, காற்று போதவில்லை, கரி. நிப்பிளுக்கும் குழாய்க்கும் நடுவில் 14 மில்லி மீட்டர் இடைவெளி வேண்டும். அப்பா அளவுகோல் எடுத்ததே இல்லை, ஸ்பேனரைக் குறுக்கே வைத்துப் பார்ப்பார், ஸ்பேனரையே அந்த அகலத்துக்குத்தான் செய்திருந்தார்கள்! புது லைட்டோடும் ஸ்பேனர் வந்தது. அது எதற்கும் பொருந்தவில்லை, அதே லைட்டின் நட்டுக்குக்கூட.

இரண்டாவது லைட் இன்னும் மோசம், அதைப் பற்றி எழுதி உன் கண்ணைக் கெடுக்க விரும்பவில்லை.

எனக்குக் கோபம் விலையில் இல்லைடா. மூன்று நாள் யோசித்தேன். இதைச் செய்கிறவன் திருடன் இல்லை. இதை யாரும் ஏற்றப் போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். ரிசார்ட்டில் தொங்கவிடுவார்கள், உள்ளே பல்பு போட்டு ஓட்டல் வாசலில் வைப்பார்கள், பக்கத்தில் நின்று போட்டோ எடுப்பார்கள். அப்பா காலத்தில் ஒரு லைட் நடு ராத்திரியில் அணைந்தால் என்ன ஆகும்? பெண் ஊர்வலம் இருட்டில் நிற்கும், கூத்து நிற்கும், வாடகைப் பணம் போகும், மறுநாள் காலையில் நாலு பேர் கடை வாசலில் வந்து அப்பாவின் பரம்பரையையே இழுப்பார்கள். அப்பா அந்தச் சூட்டோடு வேலூர் போய் மொத்த வியாபாரியைப் பிடித்து உலுக்குவார், அவன் தனக்கு அனுப்பியவனை உலுக்குவான். அந்த வசவுதான் தொட்டியைக் கனமாக வைத்திருந்தது. இப்போது வைவதற்கு யார் இருக்கிறார்கள்? நான் திட்டி எழுதிய மெயிலுக்கு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லிப் பதில் வந்தது.

கடைசியில் பரணில் ஏறினேன். அப்பாவின் லைட். நிக்கல் தேய்ந்து மஞ்சள் தெரிகிறது, தொட்டியில் 829 என்ற மாடல் எண், 500 சி.பி. என்ற மெழுகுவர்த்தி வெளிச்சக் கணக்கு, மேட் இன் ஜெர்மனி எல்லாம் விரலுக்குத் தட்டுப்படுகிறது. பம்பு வாஷர் காய்ந்து வற்றல். என் பழைய செருப்பிலிருந்து தோலை வட்டமாக நறுக்கி, ஒரு ராத்திரி விளக்கெண்ணெயில் ஊறவைத்துப் போட்டேன். வேறு எதையும் தொடவில்லை. பத்தாவது அடியில் முள் எழுந்தது. ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்றிச் சக்கரத்தைத் திருப்பியதும் ஒரு முறை திக்கென்று கமறிவிட்டு, அப்புறம் அந்தச் சத்தம். உஸ்ஸ்ஸ்... உனக்குச் சொல்ல வேண்டுமா! எங்கள் வீட்டம்மா அடுப்பில் பால் பொங்குகிறதென்று ஓடினாள்.

ஒற்றை லைட்டில்தான் ஆடினார்கள். வாத்தியார் கர்ணன். ஒரு பக்கம்தான் வெளிச்சம் என்பதால் நிழல் பின்னால் வேப்பமரம் வரைக்கும் போயிற்று. கிரீடத்துக் கண்ணாடித் துண்டுகள் அவர் திரும்பும்போதெல்லாம் முன்வரிசைக் குழந்தைகள் முகத்தில் புள்ளி புள்ளியாக ஓடின. நான் கூத்தே பார்க்கவில்லை. ஒன்றரை மணிக்கு ஒருமுறை காற்றடிக்க வேண்டுமே, அந்த முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விடிகிற வரைக்கும் நின்றது. நடுவில் ஒரே ஒரு தடவை மறுபடி எண்ணெய் ஊற்றினேன்.

இன்னொன்று. நீ அன்றைக்கு உதிர்ந்த மேண்டில் சாம்பலை விபூதி என்று எல்லார் நெற்றியிலும் பூசினாயே, அது தோரியம்! பழைய மேண்டிலில் 99 பங்கு தோரிய ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம். ஆவுர் என்கிற ஆஸ்திரியாக்காரர் 1891ல் கண்டுபிடித்த கலவை. கொஞ்சம் கதிர்வீச்சு உண்டாம். பயப்படாதே, பூசியதில் ஒன்றும் இல்லை, சாம்பலை மூச்சில் இழுக்கத்தான் கூடாது. அப்பா நாற்பது வருஷம் வாயால் ஊதி ஊதித் துடைத்தார். அவரைக் கொண்டுபோனது பீடி என்றுதான் டாக்டர் சொன்னார். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தோரியத்துக்கான மோனசைட் என்கிற தாது நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் கிடக்கிறது. 1909ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துக் கண்டுபிடித்தார். மணல் இங்கிருந்து போயிருக்கிறது, லைட் அங்கிருந்து வந்திருக்கிறது.

இதையெல்லாம் உன்னிடம் அளக்கக் காரணம் இருக்கிறது. பேத்தியைப் பார்த்துக்கொண்டு பெர்லினில் சும்மாதானே இருக்கிறாய்? இந்த லைட்டைச் செய்த ஏரிஷ் அண்ட் கிரெட்ஸ் ஆலை அந்த ஊர்தான், ட்ரெப்டோ பக்கம், எல்சன் தெரு. மாக்ஸ் கிரெட்ஸ் என்பவரின் பெயரில்தான் பெட்ரோமாக்ஸில் இருக்கிற அந்த ‘மாக்ஸ்’ வந்தது. ஆலை இருந்த இடத்தைப் பார்த்து ஒரு போட்டோ அனுப்பு, நீ குறுக்கே நிற்காமல். ஞாயிற்றுக்கிழமை மவுவர்பார்க்கில் பழைய சாமான் சந்தை கூடுமே, அங்கே 500க்கான நிப்பிள் நான்கு, ஈய வாஷர் ஒரு பிடி தேடு. முழு லைட் கிடைத்தாலும் விடாதே, ஆனால் முதலில் தட்டிக் கேள்.

வாத்தியார் அடுத்த வருஷமும் ஆடுகிறாராம். ‘கடைசி’ என்று அவர் சொன்னது இது மூன்றாவது முறை என்று அவர் மருமகள் சொல்கிறாள்.

லைட் கிடைத்தால் தொட்டியைச் சோப்புத்தூள் போட்டு வாசனை போகக் கழுவி எடுத்து வா, இல்லாவிட்டால் விமானத்தில் விடமாட்டார்கள். உனக்குத்தான் தினமும் பாத்திரம் கழுவி நல்ல பழக்கமாமே, உன் மகள் சொன்னாள்.

அன்புடன்,
ஏழுமலை