சங்கச் செயலாளர் ஆன நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்ததில் ரொம்பச் சந்தோஷம். நீ அடுக்குமாடிச் சங்கத்துச் செயலாளர் ஆனதற்கு வாழ்த்துவதா, அனுதாபப்படுவதா என்றுதான் தெரியவில்லை.

பொது மின்கட்டணத்தைக் குறைக்க, எல்லாவற்றையும் மொபைலில் இயக்கும் ஆட்டோமேஷன் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் அடுக்குமாடிகளின் பொதுப் பயன்பாட்டைத் தனி வகையாக்கி யூனிட்டுக்கு 8 ரூபாய் வைத்ததிலிருந்து எல்லாச் சங்கத்திலும் இதே பேச்சுதான். கொட்டேஷன் வாங்கும் முன் ஒரு நாள் ராத்திரி 2 மணிக்கு பேஸ்மென்ட்டில் இறங்கிப் பார். ஆள் இருக்காது, லைட் அத்தனையும் எரியும், எக்ஸாஸ்ட் ஃபேன் முழு வேகத்தில் ஓடும். பணம் அங்கேதான் போகிறது.

லைட்டுக்கு மோஷன் சென்சார் போதும். ஃபேனுக்கு, வண்டிப் புகையை உணரும் கார்பன் மோனாக்சைடு சென்சாரும், அதற்கேற்ப மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டியும் வை. வேகத்தை 20 சதவீதம் குறைத்தாலே ஃபேன் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வாசல் விளக்குக்குச் சாதா டைமர் வேண்டாம். நவம்பர் கடைசியில் சென்னையில் 5.40-க்கே சூரியன் மறைகிறது, ஜூலையில் 6.40 ஆகிறது. ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து அதைத் தானே கணக்குப் போடும் டைமர் இருக்கிறது, அதைக் கேள்.

வாசிப்பு அறையில் மட்டும் ஜாக்கிரதை. சாதாரண சென்சாருக்கு அசைவுதான் தெரியும். பேப்பரில் மூழ்கிய பெரியவர் தலைமேல் லைட் அணையும், அவர் கையை வீசுவார், உன்னைத் திட்டுவார். கழிவுநீர் நிலையத்தில் தொட்டிக்குள் காற்று செலுத்தும் பிளோயரையும் மிச்சம் பிடிக்கிறேன் என்று இஷ்டத்துக்கு நிறுத்தாதே. காற்று இல்லாமல் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா செத்தால் நாற்றம் மாடி வரை வரும்.

இதெல்லாம் சரி. நான் பார்த்த இடங்களில் ஆட்டோமேஷன் செத்தது பேனலில் இருக்கும் அந்தச் சின்ன ஆட்டோ–மேனுவல் சுவிட்சில்தான். மோட்டார் ஓடவில்லை என்று எலக்ட்ரீஷியன் மேனுவலுக்குத் திருப்புவார், வேலை முடிந்து போய்விடுவார். மாதக்கணக்கில் அது அப்படியே கிடக்கும், சென்சார் சொல்வதை மோட்டார் கேட்காது. மேனுவலில் இருந்தால் செக்யூரிட்டி அறையில் சிவப்பு விளக்கு எரியும்படி வயரிங் செய்யச் சொல். செலவு கம்மி, ஆனால் எந்த கொட்டேஷனிலும் இது வராது.

ஒரு வருஷத்து ஈபி பில் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. எந்த மாதம் எகிறுகிறது என்று பார்த்துவிட்டுப் பேசலாம். அப்புறம், கல்யாணத் தேதி முடிவானதும் உடனே சொல்லு, டிக்கெட் போட வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்