நத்தை ஓட்டுக்குப் பெயர் சூட்டும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லாகிப்போன கடல்நத்தை ஓடு ஒன்றைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான செய்தியை ஆர்வத்தோடு படித்தேன். நீண்டு கூரிய வடிவத்தையும் சுற்றிச் செல்லும் வரிகளையும் மட்டும் வைத்து, அது ‘டுரிடெல்லா’ பேரினத்தைச் சேர்ந்தது என்றும், இதுவரை அறியப்படாத புதிய இனம் என்றும் செய்தி அடித்துச் சொல்கிறது. இத்தகைய ஓடுகளை உருப்பெருக்கியின் அடியில் வைத்துப் பல ஆண்டுகள் பார்த்துப் பழகியவன் என்ற முறையில், அந்த உறுதிக்கு அச்சான படம் இடம் தரவில்லை என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊசிபோல் நீண்ட ஓடு, ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத பல நத்தைக் குடும்பங்களில் தனித்தனியே தோன்றிய வடிவம். டுரிடெல்லா ஓட்டின் வாய், அதாவது நத்தை வெளியே வரும் திறப்பு, ஏறக்குறைய வட்டமாக, அடிப்பகுதியில் வெட்டோ குழலோ இல்லாமல் இருக்கும். தோற்றத்தில் அதை ஒத்த செரித்தியம் வகைகளுக்கு வாயின் அடியில் ஒரு சிறு குழல் நீளும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது வாயைத்தான். தங்கள் படத்திலோ ஓட்டின் முதுகுப் பக்கம்தான் தெரிகிறது. வாயின் விளிம்பு உடைந்துபோயிருந்தாலும் வழியுண்டு: ஓட்டின் மேல் மெல்லிய இழைகளாகத் தெரியும் வளர்ச்சிக் கோடுகள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் வாயின் விளிம்பாக இருந்தவையே. பக்கவாட்டில் ஒளியைச் சாய்த்துப் பிடித்தால் அவை எங்கே வளைகின்றன, எவ்வளவு ஆழமாக வளைகின்றன என்பது தெரியும். டுரிடெல்லா குடும்பத்துக்குள் இனங்களைப் பிரிப்பதற்கு இந்த வளைவே முக்கியமான சான்றுகளில் ஒன்று.

வடிவத்தை மட்டும் நம்பியதால் வந்த விளைவுக்கு நல்ல எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கிடைக்கும் ‘டுரிடெல்லா அகேட்’ என்ற அலங்காரக் கல். கிரீன் ரிவர் பாறைத்தொகுதியைச் சேர்ந்த அந்தக் கல்லில் நிறைந்திருப்பவை டுரிடெல்லா அல்ல. எலிமியா டெனெரா என்னும் நன்னீர் நத்தைகள். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்தது ஏரி. தவறான பெயரை நம்புகிறவர் அந்த ஏரியைக் கடலாக்கிவிடுவார். தவறு தெரிந்த பின்னும் கல் வணிகர்களின் வாயில் பழைய பெயர்தான் புழங்குகிறது.

அடுத்தது ஓட்டின் நுனி. முட்டையிலிருந்து வெளிவரும் பருவத்து ஓடு, கடுகினும் சிறிய அளவில், வளர்ந்த ஓட்டின் உச்சியில் அப்படியே ஒட்டியிருக்கும். அதன் சுருள்கள் பலவாகவும் சிறியனவாகவும் இருந்தால், அந்த நத்தையின் குஞ்சு கடலில் மிதந்து உண்டு வளர்ந்தது என்று பெரும்பாலும் கருதலாம். ஒன்றிரண்டு சுருளோடு குமிழ்போல் பருத்திருந்தால் மிதக்கும் பருவம் சுருங்கியதாகவோ இல்லாததாகவோ இருந்திருக்கும். வளர்ந்த ஓடுகள் ஒன்றாகவே தெரியும் இரண்டு இனங்கள் இந்த நுனியில் பிரிந்துவிடுவது உண்டு. ஆனால் முதலில் முறிவதும் அதுதான். ஒட்டியிருந்த மண்ணை ஊசிமுனையால் நெருடிக்கொண்டிருந்தபோது, ‘டிக்’கென்ற சிற்றொலியோடு நுனி தெறித்து மேசைக்கடியில் எங்கோ போய்விட, அரை நாள் தரையில் தவழ்ந்து தேடியும் கிடைக்காத அனுபவம் எனக்கு உண்டு.

வயதும் ஏமாற்றும். ஸ்ட்ரோம்பஸ் குடும்பத்து நத்தைகள் முதிர்ந்த பிறகே தம் ஓட்டு வாயின் உதட்டை அகல விரித்துத் தடிப்பாக்குகின்றன. இளம் ஓடுகளைப் பார்த்தால் கூம்பு நத்தை என்றே தோன்றும். அப்படியோர் இளம் ஓட்டுக்குக் கூம்பு நத்தை என்று நானே சீட்டு எழுதி ஒட்டி, இரண்டு ஆண்டுகள் கழித்து முதிர்ந்த ஓடு ஒன்று பக்கத்தில் வந்து அமர்ந்த பிறகுதான் திருத்திக்கொண்டேன். பல நேரங்களில் ஓடே கரைந்துபோய், உள்ளே புகுந்து இறுகிய மண்ணின் அச்சு மட்டும் எஞ்சும். அந்த உள்ளச்சில் வெளிப்புற வரிகளோ முடிச்சுகளோ இருப்பதில்லை. அத்தகையதற்குப் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதும், இன்ன இனத்தோடு ‘ஒப்பிடுக’ என்று மட்டும் குறிப்பதும் இத்துறையில் பழைய, மதிப்பான வழக்கம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். படத்தில் ஓடு இடப்பக்கம் சுருண்டதாகத் தெரிகிறது. அச்சில் படம் கண்ணாடிப் பிம்பமாகப் புரண்டுவிட்டதோ என்று ஐயுறுகிறேன். பெரும்பாலான நத்தைகளில், நுனியை மேலாகப் பிடித்து வாயை நம் பக்கம் திருப்பினால் வாய் வலப்பக்கம் இருக்கும். இடப்பக்கம் இருப்பவை அரிது. இங்கிலாந்தின் ரெட் கிராக் படிவுகளில் கிடைக்கும் நெப்டூனியா என்னும் கடல்நத்தை அவற்றுள் பெயர்பெற்றது. ஆகவே படம் புரண்டால் இனமே மாறிப்போகலாம். தமிழில் எழுதும்போது குழப்பம் இரட்டிப்பாகும். நாம் வலம்புரி என்று சொல்லும் அரிய சங்கு, அறிவியலார் கணக்கில் இடப்பக்கம் சுருண்டது.

புதிய இனம் என்ற அறிவிப்பைப் பற்றி: விலங்கியல் பெயரிடல் விதிகளின்படி 1758-ஆம் ஆண்டிலிருந்து வெளியான பெயர்கள் கணக்கில் வரும், ஒரே இனத்துக்குப் பல பெயர்கள் இருந்தால், பொதுவாக முந்தையதே நிற்கும். எனவே பழைய விவரிப்புகளையும் காப்பகங்களில் உள்ள வகைமாதிரிகளையும் (ஓர் இனத்தின் பெயருக்கு ஆதாரமாக வைக்கப்பட்ட மாதிரிகள்) ஒப்பிடாமல் ‘புதியது’ என்று சொல்ல வழியில்லை. 1999-க்குப் பிறகு முன்மொழியப்படும் இனத்துக்கு வகைமாதிரி எது என்பதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். அது ஓர் ஓடு என்றால் எந்தக் காப்பகத்தில் இருக்கிறது அல்லது வைக்கப்படும் என்பதையும் எழுத வேண்டும். விவரிப்பு இல்லாமல் பெயர் மட்டும் அச்சேறினால் அதற்கு ‘நோமென் நூடும்’, அதாவது வெற்றுப்பெயர் என்று பெயர். விதியின் கண்ணில் அது பெயரே அல்ல. ஆய்விதழில் கட்டுரை வருவதற்கு முன்பே தங்கள் செய்தியில் புதிய பெயர் அச்சாகியிருப்பதால், அதைக் கண்டெடுத்தவருக்கே சங்கடம் நேரக்கூடும்.

ஓடு கிடைத்த பாறை அடுக்கு எது, கூட எவை கிடைத்தன என்ற விவரங்களோடு, வாய்ப்பக்கப் படத்தையும் அளவுகோலையும் சேர்த்து அந்தச் செய்தியை மீண்டும் ஒருமுறை வெளியிட்டால், என்னைப் போன்றவர்கள் பேரினம் வரையிலாவது கருத்துச் சொல்ல இயலும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்