மதகைப் பாதி திறக்கும்போது என்ன ஆகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் 12 நெருங்கினால் மேட்டூர் உங்கள் முதல் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. நீர்மட்டம் இத்தனை அடி, இருப்பு இத்தனை டி.எம்.சி., திறப்பு இத்தனை ஆயிரம் கன அடி, கூடவே பூத் தூவுகிற படம். அந்தத் தண்ணீர் எந்தக் கதவு வழியாக, கதவை எவ்வளவு தூக்கி விடப்படுகிறது என்று ஒரு வரிகூட வருவதில்லை. கடைமடைக்காரனுக்கு அது எதற்கு என்று தோன்றலாம். எனக்கு அதுதான் கவலை.

திருவெறும்பூர்ப் பக்கம் கொதிகலன் வால்வு செய்யும் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது திருக்காட்டுப்பள்ளி அருகே கொஞ்சம் நிலம், சம்பா சாகுபடி. பொதுப்பணித் துறையோடு எனக்கு எந்தத் தொடர்பும் கிடையாது. வால்வு தெரியும், அவ்வளவுதான்.

ஆலையில் புதிதாகச் சேரும் பையனுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது இது: கேட் வால்வு (குழாய்க்குக் குறுக்கே ஒரு தட்டு ஏறி இறங்கும் வால்வு) என்றால் முழுசாகத் திற, இல்லை முழுசாக மூடு, நடுவில் நிறுத்தாதே. நடுவில் நிறுத்தி ஓட்டுவதற்கு குளோப் வால்வு இருக்கிறது. பேச்சைக் கேட்காமல் ஓட்டிய கேட் வால்வைப் பிரித்துப் பார்த்தால் தட்டின் கீழ் விளிம்பு பொடிப்பொடிப் பள்ளமாக அரித்திருக்கும். நகத்தை வைத்து இழுத்தால் மாட்டும். துரு அப்படி அரிக்காது. குறுகிய இடுக்கில் நீர் வேகம் பிடிக்கும்போது அழுத்தம் விழுந்து நீருக்குள்ளேயே ஆவிக் குமிழிகள் உண்டாகின்றன. சற்றுத் தள்ளி அழுத்தம் ஏறியதும் அவை உடைகின்றன. உடையும் இடத்தில் இரும்பு பெயர்கிறது. குழாய்க்குள் ஜல்லி ஓடுவதுபோல் சத்தம் கேட்டால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

நம் டெல்டாவின் ஷட்டர்களுக்கு இந்தப் பயம் அதிகம் இல்லை. கல்லணையிலோ, எங்கள் ஊரில் குடமுருட்டி பிரிகிற இடத்திலோ தட்டைக் கதவே போதும். அங்கே வேண்டியது கிரீஸும், கிழியாத ரப்பர் சீலும், திருகைச் சுற்ற ஒரு ஆளும்தான். (ஆள்தான் இல்லை. அது வேறு கடிதம்.) காரணம் ஆழம் குறைவு: ஆறேகால் அடி தண்ணீர் நின்றால் கதவுக்கு அடியில் வினாடிக்கு 20 அடி வேகம் வரும். அணையில் 100 அடி நின்றால் அதுவே 80 அடி, அதாவது மணிக்கு 88 கிலோமீட்டர். அந்த ஆழத்திலிருந்து வினாடிக்கு 1,000 கன அடி வெளியேறினால் அதில் இருப்பது 11,000 குதிரைத்திறனுக்கும் மேல். மின் நிலையம் வழியாகப் போனால் அது டர்பைனைச் சுற்றும். மதகு வழியாகப் போனால் நாம்தான் அதற்குச் செலவு வழி காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கதவிலும் கான்கிரீட்டிலும் காட்டிவிட்டுப் போகும்.

வால்வின் அளவு விஷயத்தில்தான் பெரிய சிக்கல். தனக்கு மேல் 100 அடி நீர் நிற்கும்போது வினாடிக்கு 1,000 கன அடி தரும் வால்வு, அது 25 அடிக்கு இறங்கினால் 500தான் தரும். ஜனவரியில் சம்பா பால் பிடிக்கும் நேரத்தில் அணை இறங்கியிருக்கும், தண்ணீரோ அப்போதுதான் அவசரம். அதை மனத்தில் வைத்துப் பெரிய வால்வாகப் போட்டால், அணை நிறைந்திருக்கும் மாதங்களில் அதைக் கால்வாசி திறந்தே ஓட்ட வேண்டியிருக்கும். இரும்பு அரிபடுவதும் கதவு அதிர்வதும் அந்தக் கால்வாசித் திறப்பில்தான். அதனால் ஒரே பெரியதற்குப் பதில் பெரியது ஒன்று, சிறியது ஒன்று என்று இரண்டு வைப்பதுதான் சரி என்பேன். ஒன்று பழுதானாலும் ஆற்றில் தண்ணீர் நிற்காது. விலை கூடும்தான்.

நீரின் வேகத்தைக் காற்றிலேயே தொலைக்க ஹோவெல்-பங்கர் என்கிற கூம்பு வால்வு 1930களிலேயே வந்துவிட்டது. நடுவில் அசையாத கூம்பு, வெளியே முன்னும் பின்னும் நகரும் உறை. நீர் வட்டமாக விரிந்து சிதறி விழும். பாதித் திறப்பையும் நன்றாகத் தாங்கும். ஆனால் சாரல் அடிக்கும், பக்கத்தில் மின் சாதனம் இருந்தால் ஆகாது. கூம்பைப் பிடித்திருக்கும் உள் தகடுகள் மெலிதாக இருந்தால் அதிர்வில் விரிசல் விட்ட கதையும் உண்டு. குழாய்க்குள் ஒரு வட்டத் தட்டு திரும்பி மூடும் பட்டர்ஃபிளை வால்வு விலை மலிவு. ஆனால் முதன்மை வால்வு பழுதானால் மூடுவதற்காக அதை முன்னால் காவலுக்கு வைக்கலாமே தவிர, அதிக ஆழத்தில் அதை வைத்து நீரைக் கட்டுப்படுத்தப் பார்க்கக் கூடாது. மதகுக்குள்ளேயே கதவு இருந்தால் அதன் பின்னால் காற்றுக்குழாய் அவசியம். குப்பை விழுகிறது என்று அதன் வாயை மூடி வைத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகிக் கதவு ஆட ஆரம்பிக்கும்.

2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடத்தின் 9 மதகுகள் போனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளத்தில் சங்கிலி அறுந்து ஒரு மதகு பெயர்ந்தது. 2024 ஆகஸ்டில் துங்கபத்திராவில் 19-வது கதவும் சங்கிலி அறுந்துதான் போனது. அங்கே அடைப்புப் பலகைகளைப் புதிதாகச் செய்து இறக்கும்வரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்றும் மேலே வெள்ளத்தை விடுகிற மதகு, ஆழத்தில் இருக்கும் வால்வு அல்ல, தெரியும். ஆனாலும் கேள்வி ஒன்றுதான்: முதல் கதவு கைவிட்டால் ஓடுகிற நீரிலேயே மூடக்கூடிய இரண்டாவது கதவு இருக்கிறதா?

நீர்வளத் துறைக்கு என் வேண்டுகோள் இது. இனி அணை மதகோ வால்வோ வாங்க டெண்டர் விடும்போது முழுத் திறப்பில் எவ்வளவு நீர் என்று மட்டும் கேட்காதீர்கள். கால், அரை, முக்கால் திறப்பில் எந்த நீர்மட்டம்வரை ஓட்டலாம், எந்தத் திறப்பில் நிறுத்தவே கூடாது என்பதையும் எழுதி வாங்குங்கள். அதைத் தமிழில் தகடாக அடித்து, இயக்குகிறவர் கண்ணில் படும் இடத்தில் மாட்டுங்கள். காவல் கதவை ஏப்ரல், மே மாதத்தில் காய்ந்த குழாயில் மூடிப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல், அணை நிறைந்திருக்கும்போது ஓடும் நீரில் ஒரு முறை மூடிக் காட்டுங்கள். அந்தச் சோதனைக்கு டெல்டா விவசாயிகள் இரண்டு பேரைக் கூப்பிட்டால் போதும், மேட்டூருக்குப் பஸ் செலவு எங்களுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வால்வு ஃபிட்டர்,
திருக்காட்டுப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டம்.