பெரியக்கா இளைத்த கதை

மதுரை
ஞாயிறு மத்தியானம்

மாப்ள,

பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பியதோடு சரி, அப்புறம் என்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. திட்டுவதைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவன் படிப்பை முடித்துவிட்டான், வேலைதான் இன்னும் அமையவில்லை. டைகர் வாத்தியார் இப்போதும் விடிகாலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறார். என்னைப் பார்த்தால் அந்தச் சைக்கிளைத்தான் விசாரிக்கிறார். நீதான் பதில் சொல்ல வேண்டும், நான் சிரித்துவிட்டு வந்துவிடுகிறேன்.

இந்தக் கடிதம் உனக்கு இல்லை, தங்கச்சிக்கு. சித்திரையில் போனில் பேசும்போது, "எடை குறைக்கிற பேட்ச் நிஜமாவே வேலை செய்யுதாண்ணே?" என்று கேட்டது. "பெரியக்காவைப் பாரு, ஒன்றரை மாசத்தில் ஐந்து கிலோ" என்று பீற்றிக்கொண்டவன் நான். அந்த வார்த்தையை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். போனில் சொன்னால் நீ பாதியில் சிரித்துவிடுவாய். பிற்பாதி சிரிக்கிற விஷயம் இல்லை.

முதலில் என் கூத்து. பதினெட்டு வருடமாக மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறேன். அப்படிப்பட்டவன் செல்போன் விளம்பரத்தைப் பார்த்து மாசி மாதம் ஒரு பெட்டி வாங்கினேன். முப்பது பேட்ச், 1,400 ரூபாய். தொப்புளுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு தூங்கினால் கொழுப்பு தானாகக் கரையுமாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் எந்தப் பிளாஸ்திரி நிற்கும்? காலையில் எழுந்தால் வயிற்றில் இருக்காது. ஒருநாள் பாயில் கிடந்தது. ஒருநாள் தலையணை உறையில். ஒருநாள் சின்னவன் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு இன்டர்வியூவுக்கே போய்வந்தது. வேலை கிடைக்காததற்கு அதுதான் காரணம் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஆனால் பத்து நாளில் ஒன்றரை கிலோ குறைந்தேன் மாப்ள! கடை வாசலில் இருக்கும் எடை மெஷினில் ஏறி ஏறி இறங்கினேன். அப்புறம்தான் உறைத்தது: கொடுத்த காசு வீணாகக் கூடாது என்று ராத்திரி புரோட்டாவையும் சாயங்கால ஜிகர்தண்டாவையும் நானே நிறுத்தியிருந்தேன். எரிச்சலில் பேட்சை விட்டேன், எடை பாட்டுக்கு இறங்கியது. புரோட்டா திரும்பியது, எடையும் கூடவே திரும்பியது.

அதற்குப் பிறகுதான் பெட்டியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். வாங்குவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டும், சரி விடு. குடம்புளி, பச்சைத் தேயிலை, மரமஞ்சளில் இருக்கிற பெர்பெரின். (குடம்புளி என்றதும் உனக்குக் கொடுக்காப்புளிதானே ஞாபகம் வருகிறது? அது வேறு, இது மீன் குழம்புக்குப் போடுவது.) குடம்புளிச் சத்தை விழுங்கவே கொடுத்து அமெரிக்காவில் 1998-இல் சோதித்திருக்கிறார்கள். 135 பேர், 12 வாரம், ஒரு நாளைக்கு 1,500 மில்லிகிராம், எல்லாருக்கும் ஒரே பத்தியச் சாப்பாடு. குடம்புளிக்காரர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள், ஒன்றுமில்லாத வெற்று மாத்திரை தின்றவர்கள் 4.1 கிலோ. கணக்குப்படி இரண்டும் ஒன்றுதான் என்றார்கள். நானும் அந்த வெற்று மாத்திரைக் கோஷ்டிதான், புரோட்டாவை விட்ட பத்து நாளும்.

வயிற்றுக்குள் போயே இந்த லட்சணம். தோல் வழியாக என்ன போகும்? பேட்ச் என்றாலே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். சிகரெட்டை விடுவதற்கான நிகோடின் பேட்ச் வேலை செய்யும். நிகோடின் குட்டி மூலக்கூறு, எடை 162 தான். பெரிய பேட்சே ஒரு நாளைக்கு 21 மில்லிகிராம்தான் தரும், அது போதும். மூலக்கூறு எடை 500-க்கு மேல் போனால் தோலுக்குள் நுழைவது கஷ்டம் என்பது மருந்து செய்கிறவர்களின் கணக்கு. எடை குறைக்க என்று இப்போது ஊரெல்லாம் பேசுகிற செமாகுளுடைடு ஊசி மருந்து 4,100-ஐத் தாண்டும். 'ஊசி இல்லாமல் அதே பலன்' என்று பேட்ச் விற்பது, மாசி வீதியில் ஓடுகிற தேரைச் சந்துக்குள் இழுத்துவிடுகிறேன் என்று சொல்வது மாதிரி. பெர்பெரின் சிறியதுதான், ஆனால் மாத்திரையாக 500 மில்லிகிராம் வீதம் இரண்டு மூன்று வேளை கொடுத்துத்தான் சோதித்தார்கள். தீப்பெட்டி லேபிள் அளவுப் பிளாஸ்திரியில் அது எங்கே அடங்கும்?

'உடம்பில் ஒட்டினால் நன்றாக இளைக்கலாம்' என்று விளம்பரம் வந்தால் பார்த்த உடனே பொய் என்று ஒதுக்கலாம் என்று, அமெரிக்காவில் ஏமாற்று வியாபாரத்தைத் தடுக்கிற அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் பத்திரிகைக்காரர்களுக்கு ஏழு பொய்களின் பட்டியலே கொடுத்திருக்கிறது. நம் நாட்டில் மாய வைத்திய விளம்பரங்களைத் தடுக்க 1954-லேயே சட்டம் போட்டு, உடல் பருமனையும் அதன் பட்டியலில் சேர்த்தாயிற்று. டிப்ளமோ பரீட்சையில் இதற்குப் பதில் எழுதிப் பாஸானவன் நான். வெட்கக்கேடு.

இனிமேல்தான் விஷயம். என் பெட்டியில் பதினெட்டு பேட்ச் மீதி இருந்தது. "சும்மாதானே கிடக்கு, கொடுடா" என்று பெரியக்கா கேட்டது, கொடுத்தேன். ஒட்டினால் ஒன்றும் ஆகாது, ஒட்டிப் பார்க்கட்டும் என்றுதான் நினைத்தேன். அது தீர்ந்ததும் அக்காவே இரண்டு பெட்டி வரவழைத்தது. அப்புறம் இளைக்க ஆரம்பித்தது பார்! தெருவில் எல்லாரும் நின்று கேட்டார்கள். கழுத்தெலும்பு தெரிந்தது. எனக்குப் பலிக்காதது அக்காவுக்குப் பலிக்கிறதே என்று நானே நம்பிவிட்டேன். அக்கா சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தது, அக்னி நட்சத்திரம் என்றேன். ராத்திரி நாலு தடவை எழுந்து போனது, அவ்வளவு தண்ணீர் குடித்தால் என்ன ஆகும் என்றேன். இதே அறிகுறியோடு ஒருவர் கவுண்டரில் வந்து நின்றிருந்தால், முதலில் சுகரைப் பாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

வைகாசியில் ஒருநாள் காய் வாங்கிக்கொண்டு வரும்போது படியிலேயே உட்கார்ந்துவிட்டது. சுகர் 386. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரையை நிறுத்தி எத்தனை நாள் ஆச்சு?"

பெரியக்கா அவருக்குப் பதில் சொல்லவில்லை, என்னைப் பார்த்தது.

'சர்க்கரையும் கட்டுப்படும்' என்று விளம்பரத்தில் போட்டிருந்ததாம். பதினொரு வருடமாகச் சாப்பிட்டுவந்த சுகர் மாத்திரை மெட்ஃபார்மினை யாரிடமும் சொல்லாமல் நிறுத்தியிருக்கிறது. சர்க்கரை உடம்பில் சேராமல் சிறுநீரில் போய்க்கொண்டே இருந்தால், உடம்பு தன் கொழுப்பையும் சதையையும் எரித்துத்தான் பிழைக்கும். ஊரே மெச்சிய ஐந்து கிலோ அதுதான். நான் தங்கச்சியிடம் பீற்றிக்கொண்டதும் அதைத்தான். எத்தனை ராத்திரி தூங்கவில்லை என்று கேட்காதே.

இப்போது பரவாயில்லை. கொஞ்ச நாளைக்கு இன்சுலின், கூடவே மாத்திரை. நேற்றுப் பார்த்ததில் 160. தங்கச்சி ஆர்டர் போட்டிருந்தால் இன்றைக்கே கேன்சல் செய்யச் சொல். நீயும் பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா என்று எனக்கு எழுது. உன்னிடம் கேட்டால் பொய் சொல்வாய், தங்கச்சியே எழுதட்டும்.

பெரியக்காவுக்கு மூன்று கிலோ திரும்ப ஏறிவிட்டது. அந்த ஐந்து கிலோவை நம்பி, இருக்கிற ஜாக்கெட்டையெல்லாம் பிடித்துத் தைத்து வைத்திருந்தது. பதினொன்று. எல்லாவற்றையும் பிரித்துத் தைக்கிற கூலியை நான்தான் தர வேண்டுமாம். கொடுத்துவிட்டேன்.

உன்,
மருந்துக்கடை