எங்கள் மகனின் கல்லூரிப் படிப்புக்குத் துணை நின்றோருக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

ஆட்டிசம் உள்ள எங்கள் மகன் பெங்களூரில் பி.காம். படிப்பை நிறைவு செய்திருப்பதை அல்சூர் வட்டாரத் தமிழ் அன்பர்கள் பலர் அறிவீர்கள். அதற்குத் துணை நின்றவர்களுக்குப் பலரறிய நன்றி கூறுவதே முறை என்று கருதி இம்மடலை எழுதுகிறோம்.

முதல் நன்றி, வாரந்தோறும் அவனுடன் அமர்ந்த பயிற்சியாளர் அம்மையாருக்கு உரியது. அவர் கணக்கியலோ வணிகச் சட்டமோ கற்பிக்கவில்லை. அதற்குப் பேராசிரியர்கள் இருந்தார்கள். ஓர் அசைன்மென்ட்டைச் சிறு சிறு வேலைகளாகப் பிரித்து நாட்காட்டியில் குறித்துக்கொள்வது, வகுப்பறை திடீரென மாற்றப்பட்டால் யாரிடம் கேட்பது, பேராசிரியருக்கு மின்னஞ்சலில் எவ்வாறு எழுதுவது என்பவற்றை அவனே செய்யும் வரை பொறுமையாகப் பழக்கினார். பாடம் நன்றாகப் புரிந்தும் இவற்றில் தடுமாறிப் படிப்பைக் கைவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதால், இப்பயிற்சி எல்லாக் கல்லூரிகளிலும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அவன் திணறும்போது நாங்கள் பதறிக் குறுக்கிட்டால், "அவரே முயலட்டும், காத்திருப்போம்" என்பார்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகள், எழுத்துத் தேர்வில் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாக வழங்கச் சொல்லியிருந்தன. மூன்று மணி நேரத் தேர்வுக்கு அது ஒரு மணி நேரம். அதைக் கோரும் விண்ணப்பத்தை அவனே எழுதி, சான்றிதழ்களுடன் தேர்வுப் பிரிவில் நேரில் கொடுத்துப் பேசும்படி அவனை ஆயத்தப்படுத்தியவரும் அவரே. விண்ணப்பத்தைக் கனிவுடன் வாங்கி உரிய நேரத்தில் ஆணை பிறப்பித்த அலுவலர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

அல்சூரில் ஊதா வழித்தட மெட்ரோவில் ஏறி, மெஜஸ்டிக்கின் நெரிசலிலும் இரைச்சலிலும் பச்சை வழித்தடத்துக்கு மாறுவது அவனுக்குப் பெரும் சோதனையாக இருந்தது. தொடக்க நாள்களில் உடன் பயணித்து, பிறகு சற்றுத் தள்ளி நின்று கவனித்து, இறுதியில் தனியே போகவிட்ட மூத்த மாணவத் தம்பிகளை நாங்கள் என்றும் மறவோம். நூலகத்தில் சந்தடியற்ற ஓர் இருக்கையை ஒதுக்கித் தந்த நூலகருக்கும் எங்கள் நன்றி.

உங்கள் ஒவ்வொருவருக்கும் அவன் தன் கைப்படவும் கடிதம் எழுதிவருகிறான். யாருக்கு எந்த நாளில் எழுதுவது என்று அவனே அட்டவணையிட்டிருப்பதால், சிலருக்கு அது சற்றுத் தாமதமாக வந்து சேரும்.

நன்றியுடன்,
பெற்றோர்,
அல்சூர், பெங்களூரு.